ஆசிரியர்களை ஆக்கிய ஆசிரியர்கள்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலே நன்னூல் என்னும் இலக்கணத்தை இயற்றப் புகுந்தபோது, எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் பேசுவதற்கு முன்பாகவே, அவற்றைப் பிறருக்குக் கற்பிக்கின்றவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதைப் பாயிரத்தில் விரித்துரைத்தார். நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் நல்லாசிரியனுக்கு உவமையாக நிறுத்தியதோடு அமையாது, போட்ட வரிசையில் காய் வெளிவராத கழற்குடத்தையும், தன் வேலிக்குள் நின்று அயல் வளவில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னையையும் ஆசிரியன் ஆகத் தகாதவனுக்கு உவமையாக்கினார். பாடம் சொல்லுகின்றவன் தக்க காலத்தையும் இடத்தையும் தேர்ந்து, சொல்லப் போகும் பொருளை முதலில் தன் மனத்திலே அமைத்துக்கொண்டு, அவசரமும் கோபமும் இன்றி, மாணாக்கனுடைய கிரகிக்கும் சக்தியை அளந்தறிந்து கற்பிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. இவ்வளவு நுட்பமாக ஆசிரிய லட்சணத்தைச் சொன்ன அந்நூல், அந்த லட்சணங்களை ஒருவனிடம் உண்டாக்குவது யார், எவ்விடத்தில், எவ்வளவு காலத்தில் என்ற விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் அக்காலத்தில் இருக்கவில்லை. ஏனெனில் கற்றவனே கற்பித்தான், கற்பித்தவனின் அருகிலிருந்து பார்த்தவனே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியன் ஆனான்.

அந்த வழக்கம் மிக எளிய உருவத்தில் உயிரோடு இருந்த இடம் நம் திண்ணைப் பள்ளிக்கூடம். பரப்பிய மணலின்மேல் விரலால் அரிச்சுவடி எழுதிய சிறு பிள்ளைக்கு எழுத்தின் சுழியைத் திருத்தியவர் பெரும்பாலும் வாத்தியாரல்லர். அவனைவிட இரண்டு மூன்று வருஷம் முன்னே போயிருந்த மற்றொரு பிள்ளையே. அந்த மூத்த பிள்ளைகளுக்கு மேலாகச் சட்டாம்பிள்ளை என்ற ஒருவன் இருந்தான். பாடம் ஒப்புவிக்கச் செய்வது, எண்சுவடியை உரத்துச் சொல்லி மற்றவர்கள் பின்சொல்லக் கேட்பது, வராத பையன்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவது ஆகிய காரியங்களெல்லாம் அவனுடையவை. பிரம்பைச் சில வேளைகளில் அளவுக்கு மீறி ஓங்கினான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வகுப்பைத் தன் குரலால் கட்டி நிறுத்தவும், பத்துப் பேர் பத்து நிலையில் இருக்கும்போது ஒவ்வொருவனுக்கும் உரிய பாடத்தை ஞாபகத்தில் வைத்திருக்கவும் அவன் பதினான்கு பதினைந்து வயதிற்குள் கற்றுக்கொண்டான். வாத்தியார் தளர்ந்தபின் அந்தத் திண்ணையில் அவனே அமர்ந்தால், அதற்கு வேண்டிய பழக்கம் அவனிடம் முன்பே இருந்தது. ஆசிரியப் பயிற்சி என்று தனியாக ஒரு பெயர் இல்லாமலே நடந்து வந்த பயிற்சி அது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை முதலில் உலகிற்கு எடுத்துக் காட்டியவர் நம்மவர் அல்லர். ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலே பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிக்குத் தலைவரானார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க இயலாமல் திணறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் அவர் குதிரைமேல் சென்றபோது நம் நாட்டுப் பள்ளி ஒன்றிலே சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். உடனே அதைத் தம் விடுதியிலும் கைக்கொள்ள முயன்றார். உதவி ஆசிரியர்கள் அது ஆகாத காரியம் என்று கைவிட்டார்கள். பெல் தளரவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறியவர்களுக்கு அரிச்சுவடி கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாதது அந்தச் சிறுவனால் முடிந்தது. 1796இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டே தம் சோதனையை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் எங்கும் பரவியது. பெல் 1832இல் காலமானபோது அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த ஊரிலே அவருடைய பொருளால் எழுந்த கலாசாலை இன்றும் மதராஸ் என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் 1823இல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில், நம் நாட்டுப் பள்ளிகளில் மூத்த மாணாக்கரே இளையவர்களுக்குக் கற்பிக்கும் சிக்கனமான முறை மெச்சத் தக்கது என்றும், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் குறிப்பிட்டார்.

ஆனால் பெல் எடுத்துச் சென்றது முறையின் ஒரு பாதியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திண்ணையிலே சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் எப்போதும் ஒரு வாத்தியார் இருந்தார். அவன் கற்பிப்பதைக் கேட்டுக்கொண்டும், பிழைபட்ட இடத்தில் திருத்திக்கொண்டும், அவனுடைய சொந்தப் பாடத்தை மேலே மேலே நடத்திக்கொண்டும் இருந்தார். மேற்கே போன முறையில் செலவுச் சுருக்கமே பெரிதாகி, ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிறு கண்காணிகளின் வழியாக நடத்துவதே பெருமையாயிற்று. கற்பிப்பவனையும் ஒருவர் கற்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பகுதி பின்தங்கிவிட்டது.

கற்பிப்போரைத் தனியே ஒரு ஸ்தாபனத்தில் வைத்துப் பயிற்றுவது தமிழ்நாட்டிலே தரங்கம்பாடியில் தொடங்கியது. டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, பத்து ஆண்டுகளுக்குப் பின் 1716இல், சுதேச உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ஆயத்தம் செய்வதற்காக ஒரு சிறு பாடசாலையை நிறுவினார். மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். அவர் நட்டது அந்தக் கடற்கரை ஊரின் எல்லைக்குள்ளேயே நெடுங்காலம் நின்றது. மதப் பிரசாரமே அதன் முதல் நோக்கம். எனினும் ஆசிரியன் தானாக உண்டாவதில்லை, அவனை உண்டாக்க வேறொரு ஆசிரியன் வேண்டும் என்ற கருத்துக்கு இந்நாட்டில் கட்டடம் எழுப்பியவர் அவரே.

அக்கருத்தை ராஜதானி முழுமைக்கும் உரியதாக விரித்துச் சிந்தித்தவர் சர் தாமஸ் மன்றோ. இவர் சரித்திரத்திலே ரயத்துவாரி நிலவரி ஏற்பாட்டுக்காகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். கல்வியைப் பற்றி அவர் செய்தது அதற்குக் குறைந்ததன்று என்பது என் துணிபு. சென்னைக் கவர்னராக இருந்தபோது, 1822ஆம் ஆண்டு, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணாக்கர்கள், என்னென்ன படிப்பு என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். விவரங்கள் வந்து சேர நான்கு வருஷங்கள் ஆயின. 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருப்பதாகத் தெரிந்தது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1826 மார்ச்சு மாதத்தில் மன்றோ எழுதிய குறிப்பு, கல்வி நிர்வாகத்தில் ஈடுபட்டோர் எவரும் படிக்க வேண்டிய ஒன்று. பள்ளிகள் இத்தனை இருந்தும் கல்வி தாழ்ந்திருப்பதற்குக் காரணம், சர்க்கார் ஊக்கமளிக்காததும் ஜனங்களின் வறுமையும், இவற்றின் விளைவாகத் தகுதி வாய்ந்த உபாத்தியாயர்கள் இல்லாமையும் என்று அவர் கண்டார். மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் கிடைக்காத தொழிலுக்குத் திறமையுள்ளவன் ஏன் வருவான் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

அவர் வகுத்த பரிகாரத்தில் உள்ள வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சென்னையில் உபாத்தியாயர்களைப் பயிற்றும் ஒரு மத்திய பாடசாலை. அதை நடத்தும் புத்தக சங்கத்திற்கு மாதம் 700 ரூபாய். அங்கே பயின்றவர்களைக் கொண்டு 20 ஜில்லாக்களிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக 40 கலெக்டரேட் பள்ளிகள். அவற்றின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். அதன்பின் காலக்கிரமத்தில் 300 தாசில் பள்ளிகள். அவற்றின் ஆசிரியருக்கு 9 ரூபாய். மாணாக்கரிடமிருந்து வரும் தட்சிணை இதற்கு மேலே. ஆக மாதம் 4,000 ரூபாய், வருஷம் 48,000 ரூபாய். கட்டடத்தையும் மேஜை நாற்காலிகளையும் பற்றிப் பேசுவதற்கு முன்பாக ஆசிரியனை ஆக்குவதற்கும் அவனுக்குச் சோறிடுவதற்கும் வழி சொன்ன கல்வித் திட்டங்கள் எந்த நாட்டிலும் அதிகம் இருந்ததில்லை. சென்னையில் மத்திய பாடசாலை தொடங்கப்பட்டது. ஜில்லாக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் பயிற்சிக்காக வரலாயினர். மறு ஆண்டு ஜூலை மாதத்திலே, சுற்றுப்பிரயாணத்தின்போது, பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு மன்றோ இறந்தார்.

அவருக்குப் பின் அத்திட்டத்தைத் தம்முடையதாகக் கருதிக் காத்தவர் ஒருவரும் இல்லை. திட்டமிட்ட பள்ளிகளில் ஒரு பகுதியே திறக்கப்பட்டது. திறந்தவை நன்றாக நடக்கவில்லை என்று குறை சொல்லப்பட்டதே ஒழிய, பயிற்சி முற்றுப்பெறும் முன்பே ஆசிரியர்களை எதிர்பார்த்ததால் வந்த குறை அது என்று எண்ணிப் பார்க்கப்படவில்லை. இதற்கிடையில் கல்கத்தாவிலே, ஆங்கிலத்தின் வழியாகச் சிலருக்கு உயர்கல்வி அளித்தால் போதும், அது அவர்களிடமிருந்து கீழே இறங்கும் என்ற கொள்கை 1835இல் வெற்றி பெற்றது. 1836இல் மன்றோவின் பள்ளிகள் மூடப்பட்டன. கிராமத்து உபாத்தியாயருக்கென ஒதுக்கியிருந்த பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. பத்து வருஷம் கூட நிரம்பாத ஒரு முயற்சியின் மேல் தீர்ப்பெழுதி மூடிய அந்த அவசரத்தினால், இந்நாட்டுக் கிராமக் கல்வி ஒரு முழுத் தலைமுறையை இழந்தது என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

மீண்டும் இருபது வருஷங்கள் கழித்தே அந்த இழையை எடுத்துத் தொடர்ந்தார்கள். 1854இல் இங்கிலாந்திலிருந்து வந்த சார்லஸ் உட்டின் கல்வி ஆணை, ஒவ்வொரு ராஜதானியிலும் ஆசிரியப் பயிற்சிப் பாடசாலைகள் ஏற்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன்படி 1856இல் சென்னை வேப்பேரியில் அரசாங்க நார்மல் பாடசாலை பிறந்தது. அதுவே வளர்ந்து, 1880களின் பிற்பகுதியில் சைதாப்பேட்டைக்குக் குடியேறி, போதனாமுறைக் கலாசாலை என்று பெயர் பெற்றது. சென்னைச் சர்வகலாசாலை பட்டதாரிகளுக்கென ஏற்படுத்திய எல்.டி. என்னும் ஆசிரியப் பட்டத்திற்கு அதுவே தாயகமாயிற்று. 1882இல் ஹண்டர் கமிஷன் ஆராய்ந்தபோது, இந்தியா முழுவதும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு 106 நார்மல் பாடசாலைகளும் அவற்றில் 3,886 பேரும் இருந்தனர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கோ சென்னை, லாகூர் என்ற இரண்டே இடங்கள். அப்போது சென்னையில் பயின்றவர்களில் பட்டதாரிகள் எட்டுப் பேர்தாம். பட்டம் பெற்றவனுக்கு மேலும் ஒரு வருஷம் எதற்கு என்ற எண்ணம் அப்போது மட்டுமன்று, பின்னும் வெகுகாலம் நம்மவரிடையே வேரூன்றியிருந்தது.

அந்த ஒரு வருஷத்தில் நடந்தது என்ன? உளநூல், கல்வி வரலாறு, பள்ளி நிர்வாகம், சுகாதாரம் என்று பாடங்கள் இருந்தன. அவை முக்கியமானவையே, 1910இல் சைதாப்பேட்டைக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இளம் தத்துவ ஆசிரியர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், உடன் பயின்றோர் வேண்டுகோளுக்கிணங்கி அவர்களுக்கு உளநூல் விரிவுரைகள் நிகழ்த்தியதும், அவை 1912இல் ஒரு சிறு நூலாக வெளிவந்ததும் அந்தக் கலாசாலையின் சூழ்நிலையைக் காட்டும். ஆனால் பயிற்சியின் உயிர்நிலை விரிவுரை மண்டபத்தில் இல்லை. கலாசாலையை ஒட்டியிருந்த மாதிரிப் பள்ளியில் இருந்தது. மாணவ ஆசிரியர் முதல்நாள் இரவு பாடக்குறிப்பு எழுதுவார். என்ன நோக்கம், எந்தக் கேள்வியோடு தொடங்குவது, கரும்பலகையில் எதை எழுதுவது, எந்த உதாரணம், முடிவில் பிள்ளைகளிடம் எதைக் கேட்டுத் தெளிவது என்று வரிசையாக அமைத்த அந்தக் குறிப்பைப் பேராசிரியர் பார்த்து ஒப்பமிட்டாலன்றி வகுப்பிற்குள் போக முடியாது. மறுநாள், உயிருள்ள முப்பது நாற்பது சிறுவர்களுக்கு முன்னால் அவர் நின்று கற்பிக்க, கடைசிப் பலகையில் பேராசிரியர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நாட்களில் உடன் பயில்வோர் அனைவரும் சுற்றி அமர்ந்து கேட்டு, பாடம் முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து குணதோஷங்களை எடுத்துச் சொல்வதும் உண்டு. விமரிசனப் பாடம் என்ற அந்த நிகழ்ச்சியை நினைத்தால் பல காலம் கழித்தும் பழைய ஆசிரியர்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த அந்த மனிதரே இக்கட்டுரையின் நாயகர். அவருடைய வேலையின் கஷ்டத்தை வெளியார் எளிதில் உணர மாட்டார்கள். பாடம் தவறிப் போவது அவர் கண்ணுக்கு முன்பே தெரிகிறது. கேள்வி பிழையாகக் கேட்கப்பட்டதால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் நேராகிவிடும். ஆயினும் அந்த வார்த்தையை அவர் சொல்லக் கூடாது. சொன்னால் சிறுவர்கள் மத்தியில் அந்த இளைஞனின் மதிப்பு போய்விடும். அவனும் தானாகக் கரையேறக் கற்றுக்கொள்ள மாட்டான். வகுப்பு கலைந்தபின் தனியே அழைத்து, மனம் நோகாமலும் குற்றம் மறையாமலும் பேச வேண்டும். அவன் கற்பித்த பாடத்தையே அடுத்த வாரம் தாம் கற்பித்துக் காட்டவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். தம் பெயர் சொல்லும் மாணாக்கனை ஒரு சாதாரண ஆசிரியர் தெருவில் சந்திக்கலாம். இவருடைய உழைப்பின் பயன் எங்கோ ஒரு தாலுகாப் பள்ளியில், இவரை ஒருநாளும் கண்டிராத குழந்தைகளிடம் போய்ச் சேர்கிறது.

குறைகளும் இருந்தன. ஜெர்மன் தேசத்து ஹெர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகள் நம் பயிற்சிக் கலாசாலைகளில் ஒரு காலத்தில் வேதவாக்காகி, கணக்கானாலும் கவிதையானாலும் அந்தப் படிகளிலேயே ஏறியிறங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டாயிற்று. நன்னூற் பாயிரம் மனப்பாடமாக வந்த தமிழ்ப் பண்டிதர்களே கூட அதைத் தம் தொழிலுக்குரிய சாஸ்திரமாக எண்ணாமல் பரீட்சைக்குரிய சூத்திரமாக எண்ணினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டியிருந்தால் எத்தனையோ இளைஞர்களுக்குக் கல்வி நூல் அந்நியமாகத் தோன்றியிராது. இதற்கும் மேலாகப் பெரும் இடையூறாக இருந்தது, மாணாக்கரின் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் கொடுக்கும் ஏற்பாடு. பரீட்சை அதிகாரி வரும் நாளுக்காகப் பிள்ளைகளை உருப்போடச் செய்தவன் பணம் பெற்றான். பயிற்சியிலே கற்றபடி பொறுமையாகக் கற்பித்தவன் நஷ்டப்பட்டான். கர்சன் பிரபுவின் 1904ஆம் ஆண்டுத் தீர்மானம் அந்த ஏற்பாட்டைக் கண்டித்து, பயிற்சிக் கலாசாலைகளைப் பெருக்கவும் ஒவ்வொன்றோடும் ஒரு பயிற்சிப் பள்ளியை இணைக்கவும் சொன்னது நியாயமே.

பெண்களின் விஷயத்தில் இந்தச் சரித்திரம் இன்னும் ஆழமானது. பெண் குழந்தைகள் பள்ளிக்கு வர வேண்டுமானால் பெண் ஆசிரியர்கள் வேண்டும். பெண் ஆசிரியர்கள் வேண்டுமானால் முன்பே பெண்கள் படித்திருக்க வேண்டும். இந்தச் சுழலை எங்கேயாவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ மிஷன்கள் அதை முதலில் உடைத்தன. இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராத சாரா டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயரால் பாளையங்கோட்டையில் ஏற்பட்ட பயிற்சிப் பாடசாலை, கிராமந்தோறும் ஆசிரியைகளை அனுப்பி, 1895இல் கல்லூரியும் ஆயிற்று. 1866இல் இந்தியாவுக்கு வந்த மேரி கார்ப்பெண்டர் அம்மையார் பெண்களுக்கான நார்மல் பாடசாலைகள் வேண்டுமென்று சர்க்காரை விடாமல் வற்புறுத்தியதன் பயனாக 1870இல் சென்னையில் ஒன்று தொடங்கியது. ஆயினும் இந்துக் குடும்பங்கள், விசேஷமாக வைதிகக் குடும்பங்கள், தங்கள் பெண்களை அங்கே அனுப்பத் துணியவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்து, பதினோரு வயதில் மணமாகி, மணமான சில காலத்திற்குள்ளேயே விதவையான சிறுமி அவர். அந்நாளில் அப்படிப்பட்டவளுக்கு விதிக்கப்பட்ட இருட்டறையில் அவளைத் தள்ள மறுத்து, தந்தை படிக்க வைத்தார். 1911இல் பி.ஏ. பட்டம் பெற்று, சென்னை ராஜதானியின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்ற புகழை அடைந்தார். தம் ஒருவர் வாழ்வு நேரானது போதும் என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ எழும்பூரில் தம் இல்லத்திலேயே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதியைத் தொடங்கினார். அரசாங்கக் கல்வி இலாகாவில் பெண் கல்விப் பரிசோதகராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரின் துணை கிடைத்தது. விடுதி வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் மாளிகைக்குக் குடியேறியது. விவேகானந்தர் 1897இல் தங்கிய மாளிகையும் அதுவே.

அவருடைய நோக்கத்தில் இருந்த கூர்மையைப் பாருங்கள். விதவைப் பெண்களுக்குச் சோறும் பாதுகாப்பும் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. தையலையும் பஜனையையும் கற்பித்து ஆறுதல் அளிப்பதோடும் நிற்கவில்லை. அவர்களை ஆசிரியைகளாக்கினார். எந்தச் சமூகம் அவர்கள் முகத்தில் விழிப்பதையே அபசகுனம் என்று ஒதுங்கியதோ, அந்தச் சமூகமே தன் குழந்தைகளைக் காலையில் அவர்கள் முன்னால் கொண்டுவந்து அமர்த்தும்படி செய்தார். பெண் கல்விக்கு ஆசிரியை இல்லை என்ற குறையும், இளம் விதவைக்கு வாழ்வு இல்லை என்ற குறையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. இதைவிடப் புத்திசாலித்தனமான சமூக சீர்திருத்தம் அந்தத் தலைமுறையில் நடந்ததாக நான் எண்ணவில்லை. 1922இல் அந்த மாளிகையை அடுத்து லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதற்குரிய பயிற்சிப் பள்ளியும் தோன்றியபோது அவரே முதல் தலைவியானார். ஆரம்பப் பள்ளிக்கு ஆயத்தம் செய்யும் பெண்களும், உயர்நிலைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்யும் பட்டதாரிகளும் அங்கே ஒரே வளாகத்தில் பயின்றனர்.

விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே என்று இருந்ததைப் பலர் அக்காலத்திலேயே கண்டித்தார்கள், கண்டித்தது நியாயமே. வைதிகப் பெற்றோரின் அச்சத்தைப் போக்க வேறு வழி அன்று அவருக்குப் புலப்படவில்லை என்பதும் உண்மை. அவர் அந்த எல்லைக்குள்ளேயே தங்கிவிடவில்லை. கடற்கரைக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1927இல் சாரதா வித்தியாலயத்தை நிறுவினார். கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்ந்தபின், வயது வந்த பெண்களுக்கென மயிலாப்பூரில் ஒரு பள்ளி தொடங்கினார். 1969இல் அவர் காலமானார்.

அதே காலத்தில் வேப்பேரியில் 1923இல் எழுந்த செயின்ட் கிறிஸ்டபர் பயிற்சிக் கல்லூரியும் பெண்களுக்கானதே. அதன் தலைவியாக விளங்கிய நோரா பிராக்வே, தென்னிந்தியாவில் பெண் கல்விக்காக உழைத்த கிறிஸ்தவ ஆசிரியைகளின் சரித்திரத்தை 1949இல் ஒரு நூலாக எழுதி வைத்தார். இத்துறையில் வேலை செய்தவரே தம் முன்னோரைப் பற்றி எழுதிவைத்தது அரிது என்பதால் அந்நூலுக்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

உடற்பயிற்சி ஆசிரியரை ஆக்கியவரையும் இங்கே விட்டுவிடலாகாது. பழைய பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்பவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாய் நிற்கவும் காலை ஓங்கி வைக்கவும் கற்பிப்பதோடு அவர் வேலை முடிந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, விளையாட்டு ஆசிரியனும் உடற்கூற்று நூலும் உளநூலும் அறிந்தவனாக இருக்க வேண்டும் என்று நிலைநாட்டினார். ஆசியாவிலேயே இவ்வகையில் அது முதலாவது. 1943இல் இறக்கும் வரையில் அவர் அந்தப் பணியிலேயே இருந்தார்.

காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாடு, கைத்தொழிலின் வழியாகவே எல்லாக் கல்வியும் என்ற ஆதாரக் கல்விக் கொள்கையை முன்வைத்தது. ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழு பாடத்திட்டம் வகுத்தது. ஆனால் ராட்டையையும் தறியையும் வைத்துக்கொண்டு கணக்கும் பூகோளமும் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் அன்று தேசத்தில் எங்கும் இல்லை. அவர்களை உண்டாக்கும் பாரம் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் அவர்கள்மீது விழுந்தது. சாந்திநிகேதனத்தில் ரவீந்திரநாதரின் அருகிலிருந்து, பின் வார்தா சென்று, ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக, மனைவியார் ஆஷாதேவியோடு சேவாகிராமத்தில் அவர் ஆசிரியர்களைப் பயிற்றினார். தமிழ்நாட்டிலிருந்தும் சென்று பயின்று திரும்பினார்கள். இங்கே தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்தியாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கொள்கைக்கு நிலைக்களமாயிற்று. 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராயிருந்து ஆதாரக் கல்வியைப் பள்ளிகளில் புகுத்திய அவர், ஆசிரியர் இல்லாமல் கொள்கை நடவாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். வித்தியாலயத்தில் 1950இல் ஆசிரியர் கல்லூரி ஏற்பட்டது. ஆதாரக் கல்வி இந்நாட்டில் நிலைக்கவில்லை. தறியோடு பாடத்தை இணைக்கத் தெரிந்த ஆசிரியர்கள் உருவாகும் முன்பே, பழைய பள்ளிகளின் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாற்றப்பட்டதை அதற்கு ஒரு பெரிய காரணமாகக் கருதுகிறேன். மன்றோவின் பள்ளிகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களில் ஊர்தோறும் பள்ளிகள் திறந்தபோது, ஆசிரியர்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். பயிற்சிப் பள்ளிகள் பெருகின. பெருகிய வேகத்தில் கடைசிப் பலகையில் அமர்ந்து கேட்பதற்கு வேண்டிய அனுபவசாலிகள் போதவில்லை. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கமிஷன், பயிற்சி ஸ்தாபனங்கள் சர்வகலாசாலைகளிலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், தம்முள் ஒன்றிலிருந்து ஒன்றும் பிரிந்து தனித்து நிற்கின்றன என்று கூறியது. மூன்றிலும் பள்ளிகளிலிருந்து பிரிந்ததையே நான் பெரும் கேடாக மதிக்கிறேன். மாதிரிப் பள்ளியில் தாமே வாரம் சில மணி நேரம் கற்பிக்காத ஒருவர், கற்பிப்பது எப்படி என்று பிறருக்குச் சொல்வதில் பொருளில்லை.

வேப்பேரி நார்மல் பாடசாலையில் 1856 முதல் பணியாற்றிய போதகர்கள் யாவர், அவர்களிடம் பயின்றோர் எந்தெந்த ஊர்களுக்குச் சென்றனர், அங்கே என்ன மாறியது என்பவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய தமிழ் நூல் ஒன்று வேண்டும். கல்வி இலாகாவின் வருடாந்தர அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் களரியில் இருக்கின்றன. மிஷன்களின் கடிதங்கள் இருக்கின்றன. பழைய பயிற்சிப் பாடசாலைகளின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கேட்டால் காட்டக் கூடியவர்களும் இருக்கிறார்கள். முதலில் பாளையங்கோட்டையையும் சைதாப்பேட்டையையும் எடுத்துக்கொண்டு, அங்கே கற்பித்தோரின் பெயர்களையும் அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளையும் வரிசையாகத் தொகுப்பதே ஓர் இளம் ஆராய்ச்சியாளர் உடனே தொடங்கக் கூடிய காரியம்.